நகர சபையின் குரலும் அதிகாரமும்: இங்கிலாந்தில் வீடும் வீதியும் யார் கையில்?

2021ஆம் ஆண்டு பெப்ரவரியில், இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள ஹாண்ட்ஃபோர்த் என்ற சிற்றூரின் உள்ளூர்ச் சபைக் கூட்டமொன்றின் காணொளி உலகெங்கும் பரவியது. கொரோனா காலத்தில் இணையவழியில் நடந்த அந்தக் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அதட்டினார்கள். கூட்டத்தை நடத்த வந்தவருக்கு அதற்கான அதிகாரமே இல்லை என்று ஒருவர் கூச்சலிட்டார். சிலர் கூட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அது அச்சபையின் திட்டமிடல் மற்றும் சுற்றாடல் குழுவின் கூட்டம். அந்தக் குழுவுக்கு உண்மையில் எதைச் செய்ய அதிகாரம் உண்டு என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போயிற்று. இங்கிலாந்தில் இத்தகைய பாரிஷ் சபைகளும் நகர சபைகளும் சுமார் 10,000 உள்ளன. லண்டனில் வீட்டு விலை தாங்காமல் வெளியூர்களில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் அங்கு முதலில் எதிர்கொள்ளும் அரச அமைப்பும் பெரும்பாலும் இதுதான். பக்கத்து வீட்டார் மாடி எழுப்புகிறார், பாடசாலை முன்னால் வாகனங்கள் பறக்கின்றன, ஊர் எல்லையில் வயல் நிலத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் வரப்போகின்றன என்றால் மக்கள் நகர சபையைத்தான் தேடிப் போகிறார்கள். ஆனால் இம்மூன்றில் எதையும் தீர்மானிக்கும் அதிகாரம் நகர சபைக்குக் கிடையாது.

பெயரில் உள்ள குழப்பம்

நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ வளர்ந்தவருக்கு நகர சபை என்றால், வீட்டின் வரைபடத்தைக் கொண்டுபோய் அனுமதி பெறும் இடம். இலங்கையில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டமும், பின்னர் வந்த நகர அபிவிருத்திச் சட்டமும் கட்டடங்கள், வீதிகள் தொடர்பான அதிகாரங்களை அச்சபைகளிடம் சேர்த்தன. தமிழகத்தின் பேரூராட்சி அலுவலகத்திலும் கட்டட வரைபடத்துக்கு அனுமதி பெறும் வழக்கம் உண்டு.

இங்கிலாந்தில் 'டவுன் கவுன்சில்' என்பதை நாம் நகர சபை என்றே மொழிபெயர்க்கிறோம். வேறு நல்ல சொல் இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஒரு பாரிஷ் சபைதான். பாரிஷ் சபைகள் 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால், தேவாலய நிர்வாகத்திடமிருந்து உலகியல் காரியங்களைப் பிரித்தெடுத்து உருவாக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஒரு பாரிஷ் சபை தன்னை நகரம் என்று தீர்மானம் நிறைவேற்றி அழைத்துக்கொள்ளலாம். அப்போது அதன் தலைவர் நகர மேயர் ஆகிறார். கழுத்தில் சங்கிலி அணிந்து விழாக்களுக்குத் தலைமை தாங்குகிறார். ஆனால் அவருடைய சபையால் ஒரு கார் கொட்டகைக்குக் கூட அனுமதி வழங்க முடியாது.

மூன்று சபைகள், ஒரே ஊர்

ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரிலுள்ள டேம் என்ற சந்தை நகரை எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு சுமார் 11,500 பேர் வாழ்ந்தார்கள். அவ்வூர் மக்களுக்கு மேலே மூன்று சபைகள் இருக்கின்றன. கட்டட விண்ணப்பங்களைத் தீர்மானிப்பது தெற்கு ஒக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்ட சபை. வீதிகளைப் பராமரிப்பது ஒக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுண்டி சபை. இவ்விரண்டுக்கும் கருத்துச் சொல்வது டேம் நகர சபை.

எல்லா இடங்களிலும் இதே அமைப்பு இல்லை. கோர்ன்வாலில் 2009இலும், சமர்செட், வடக்கு யோர்க்ஷயர் ஆகிய இடங்களில் 2023 ஏப்ரலிலும் மாவட்ட சபைகள் ஒழிக்கப்பட்டு, திட்டமிடலும் வீதியும் ஒரே சபையின் கீழ் வந்தன. மில்டன் கீன்ஸ், ஸ்விண்டன் ஆகியவையும் இத்தகைய ஒற்றை அதிகார சபைகளே. அவற்றின் கீழ் நகர முழுவதிலும் பாரிஷ் அல்லது நகர சபைகள் உள்ளன. குரோலியில் பாரிஷ் சபையே இல்லை. லண்டனில் பரோ சபையே திட்டமிடலையும், முக்கிய பெருவீதிகள் நீங்கலாக மற்ற வீதிகளையும் கவனிக்கிறது. அங்கு பாரிஷ் சபைகளுக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் வரை இடமே இருக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள குயின்ஸ் பார்க் சமூக சபைக்கு 2014இல்தான் முதல் தேர்தல் நடந்தது. ஆகவே, ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருபது வருடம் வாழ்ந்து பழகிய நடைமுறையை வெளியூருக்குக் கொண்டுபோகிறவர் தவறான கதவைத் தட்டுவதில் வியப்பில்லை.

இருபத்தொரு நாட்கள்

இன்றைய முறையின் அடித்தளம் 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம். நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம், ஆனால் அதில் கட்டும் உரிமை அரசின் அனுமதியோடுதான் வரும் என்பதே அதன் சாரம். வீட்டின் பின்புறத்தில் குறிப்பிட்ட அளவுக்குள் நீட்டிக் கட்டுவது போன்ற சில சிறு வேலைகளுக்கு மட்டும் நாடு தழுவிய பொது அனுமதி உண்டு. அவற்றில் நகர சபையை யாரும் கேட்பதில்லை.

மற்ற விண்ணப்பங்கள் மாவட்ட சபைக்கு வந்ததும், அவற்றின் விவரத்தை நகர சபைக்கு அறிவிக்க வேண்டும். தனக்கு அறிவிக்கும்படி கோரும் உரிமையை 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் பாரிஷ் சபைகளுக்கு வழங்குகிறது. அறிவித்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். சாதாரண விண்ணப்பங்களை எட்டு வாரங்களுக்குள்ளும் பெரியவற்றை பதின்மூன்று வாரங்களுக்குள்ளும் மாவட்ட சபை முடிக்க வேண்டும் என்பதால் காலம் நீட்டிப்பது எளிதல்ல. நகர சபையோ கூட்டத்துக்கு மூன்று முழு நாட்களுக்கு முன்னர் நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். நிரலில் இல்லாத விடயத்தில் முடிவெடுக்கக் கூடாது. அதனால்தான் பெரும்பாலான நகர சபைகளில் திட்டமிடல் குழு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கூடுகிறது. பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம். பல சபைகள் ஓரிரு நிமிடம் பேசவும் இடம் தருகின்றன.

உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊதியமற்றவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், பல் வைத்தியர் என்று பலரும் இருப்பார்கள். விண்ணப்பம் தம் சொந்த நிலத்தைப் பற்றியதானால் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம் நலனை வெளிப்படுத்தி விவாதத்திலிருந்து விலக வேண்டும், மறைப்பது குற்றம்.

எந்தக் காரணம் எடுபடும்?

நகர சபைகளின் குரல் பெரும்பாலும் வீணாவது இந்த இடத்தில்தான். 'இந்த விண்ணப்பத்தை நகர சபை வன்மையாக எதிர்க்கிறது' என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பும் சபைகள் இன்றும் உண்டு. அந்த வரிக்கு நடைமுறையில் எந்தப் பெறுமதியும் இல்லை. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விண்ணப்பம் அப்பகுதியின் அபிவிருத்தித் திட்டத்துக்கு அமையவே தீர்மானிக்கப்பட வேண்டும். திட்டமிடலுக்குப் பொருத்தமான வேறு காரணங்கள் இருந்தால் மட்டுமே அதிலிருந்து விலகலாம்.

பொருத்தமானவை எவை என்பதை நீதிமன்றங்கள் பல்லாண்டுகளாக வரையறுத்து வந்துள்ளன. பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் குறைவது, அந்தரங்கம் பாதிக்கப்படுவது, இரைச்சல், வாகனத் தரிப்பிடப் பற்றாக்குறை, வீதிப் பாதுகாப்பு, மரங்கள், பழைமையான கட்டடங்களின் தோற்றம் ஆகியவை கருத்தில் கொள்ளப்படும். என் வீட்டின் விலை குறையும், என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறையும், விண்ணப்பதாரர் நல்லவரல்ல என்பவை எடுபடா. தன் மளிகைக் கடைக்கு எதிரே இன்னொரு மளிகைக் கடை வருகிறது என்று ஆட்சேபிப்பவரின் வாதமும் எடுபடாது. வணிகப் போட்டி திட்டமிடல் காரணமல்ல. ஒரே கடிதத்தில் ஐந்நூறு பேர் கையொப்பமிட்டாலும், அதில் உள்ள காரணம் ஒன்றேயானால் அது ஒரு காரணமாகவே எடைபோடப்படுகிறது.

பழைய தேவாலய மண்டபங்களையும் தொழிற்பேட்டைப் பண்டகசாலைகளையும் வாங்கிக் கோயிலாக மாற்ற முனைந்த தமிழர் அமைப்புகள் இதை அனுபவத்தில் அறியும். மதத்தைக் காரணம் காட்டி எவரும் ஆட்சேபிக்க முடியாது. ஆனால் திருவிழா நாளில் எத்தனை கார்கள் வரும், அவை எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு மணி ஒலிக்கும் என்ற கேள்விகள் கட்டாயம் வரும். பயண ஏற்பாட்டுத் திட்டத்தோடு போகிற விண்ணப்பத்துக்கும், பக்தியை மட்டும் நம்பிப் போகிற விண்ணப்பத்துக்கும் கிடைக்கும் வரவேற்பில் வேறுபாடு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை மாவட்ட சபையின் அதிகாரிகளே தீர்க்கிறார்கள். தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களின் குழுவுக்கு அவை போவதே இல்லை. நகர சபையின் கருத்தும் அதிகாரியின் பரிந்துரையும் முரண்பட்டால் விண்ணப்பம் குழுவுக்குப் போக வேண்டும் என்ற விதியைச் சில மாவட்ட சபைகள் வைத்திருக்கின்றன. குழுவுக்குப் போனால் நகர சபையின் பிரதிநிதி பேசலாம். வழக்கமாக மூன்று நிமிடம். 2025 மார்ச்சில் அரசு பாராளுமன்றத்தில் கொண்டுவந்த திட்டமிடல், உட்கட்டமைப்புச் சட்டமூலம், எவை குழுவுக்குப் போகலாம் என்பதை நாடு முழுவதற்கும் ஒரே விதமாக வரையறுக்க வழிவகுத்தது. வீடு கட்டுவதை விரைவுபடுத்த இது தேவை என்கிறது அரசு. நகர சபைகளுக்கோ, இருந்த மூன்று நிமிடமும் பறிபோகுமோ என்ற அச்சம்.

அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மத்திய அரசின் திட்டமிடல் பரிசோதகரிடம் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி வழங்கப்பட்டால், அதை எதிர்த்த அயலவருக்கோ நகர சபைக்கோ அந்த உரிமை இல்லை. ஆறு வாரங்களுக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் நீதிமன்றம் முடிவெடுத்த முறை சட்டப்படி சரியா என்று பார்க்குமே தவிர, முடிவு நல்லதா என்று பார்க்காது. இந்தச் சமனற்ற நிலைதான் மாவட்ட சபை அதிகாரிகளின் மனப்போக்கையும் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு: மறுப்பவருக்கு மேன்முறையீட்டுச் செலவு என்ற ஆபத்து உண்டு, அனுமதிப்பவருக்கு அது அநேகமாக இல்லை.

வீதி விவகாரம்

'ஹைவே' என்ற ஆங்கிலச் சொல்லை நெடுஞ்சாலை என்று படித்தால் பொருள் மாறிவிடும். ஆங்கிலச் சட்டத்தில், பொதுமக்கள் கடந்து செல்ல உரிமையுள்ள எந்தப் பாதையும் ஹைவேதான். வீட்டு முன் ஒழுங்கை, வயலை ஊடறுக்கும் ஒற்றையடிப் பாதை, நடைபாதை எல்லாம் இதில் அடங்கும். மோட்டார்வேக்களையும் முக்கிய பெருஞ்சாலைகளையும் நேஷனல் ஹைவேஸ் என்ற அரச நிறுவனம் கவனிக்கிறது. மற்றவை கவுண்டி அல்லது ஒற்றை அதிகார சபையின் பொறுப்பு.

குழிகளைப் பற்றிய முறைப்பாடே நகர சபைகளுக்கு ஓயாமல் வருவது. 1980ஆம் ஆண்டின் வீதிகள் சட்டம் பராமரிக்கும் கடமையைக் கவுண்டி சபைமீது சுமத்துகிறது. அதே சட்டம், நியாயமான இடைவெளியில் பரிசோதித்தோம் என்று காட்டினால் இழப்பீட்டிலிருந்து தப்பவும் வழி தருகிறது. பல கவுண்டிகள் வண்டிப்பாதையில் 40 மில்லிமீற்றர் ஆழமான குழியைத்தான் கணக்கில் எடுக்கின்றன. ஆகவே, எழுத்து மூலம் இடத்தையும் நாளையும் குறிப்பிட்டு அறிவிப்பதே பயன் தரும். அறிவித்த பின் நேர்ந்த விபத்தில் 'எமக்குத் தெரியாது' என்று சபை சொல்ல முடியாது.

வேக எல்லை, மஞ்சள் கோடு, ஒருவழிப் பாதை ஆகிய எதையும் நகர சபை விதிக்க முடியாது. அவற்றுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கவுண்டி சபை போக்குவரத்துக் கட்டளை பிறப்பிக்க வேண்டும்; பொது அறிவித்தல் விட்டு, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். 200 யாருக்கு மேற்படாத இடைவெளியில் விளக்குக் கம்பங்கள் உள்ள வீதிக்கு, வேறு அறிவித்தல் இல்லாவிட்டால், மணிக்கு 30 மைல் என்பதே எல்லை. வேல்ஸ் அரசு 2023 செப்டம்பரில் இதை 20 மைலாகக் குறைத்தது. இங்கிலாந்தில் அப்படிப் பொதுவான மாற்றம் இல்லை. ஆனால் ஒக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுண்டி சபை, பாரிஷ், நகர சபைகள் கேட்ட இடங்களில் 20 மைல் எல்லையைக் கொண்டுவரும் திட்டத்தை 2022இல் தொடங்கியது. நகர சபையின் கோரிக்கையே தொடக்கப் புள்ளியாக அமைந்த அரிய நிகழ்வு இது.

புதிய குடியிருப்புகளுக்கு எதிராக நகர சபைகள் முன்வைக்கும் முதல் வாதம் போக்குவரத்து நெரிசல். அதுவே பெரும்பாலும் தோற்கும் வாதமும் கூட. 2012இல் முதன்முதலாக வெளியான தேசிய திட்டமிடல் கொள்கை, போக்குவரத்துப் பாதிப்பு 'கடுமையானதாக' இருந்தாலொழிய அதைக் காரணமாக்கி அனுமதி மறுக்கக் கூடாது என்றது. பின்னர் வந்த பதிப்புகளில், வீதிப் பாதுகாப்புக்கு ஏற்கத்தகாத பாதிப்பு என்ற காரணமும் சேர்க்கப்பட்டது. கவுண்டி சபையின் வீதிப் பொறியியலாளர் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதிவிட்டால், ஊரார் தினமும் காணும் நெரிசலை அசைக்கும் ஆதாரம் நகர சபையிடம் இருப்பதில்லை. தாமே வாகனங்களை எண்ணி, விபத்துப் பதிவுகளைத் தொகுத்து அனுப்பும் சபைகளுக்கு மட்டுமே ஓரளவு செவிசாய்க்கப்படுகிறது.

இவ்வளவு பலவீனமான அமைப்பின் கையில் ஒரு தடையுரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி, தேவையற்றது என்று ஒரு வீதியை நிரந்தரமாக மூடவோ திருப்பவோ கவுண்டி சபை நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டுமானால், முதலில் பாரிஷ் அல்லது நகர சபைக்கு அறிவிக்க வேண்டும். இரண்டு மாதங்களுக்குள் அச்சபை சம்மதம் மறுத்தால் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யவே முடியாது. அவ்வாறே, பொதுப்பாதை சட்டவிரோதமாக அடைக்கப்பட்டுள்ளது என்று நகர சபை முறையிட்டால், அது தவறான முறைப்பாடு என்று திருப்திப்படாதவரை, நடவடிக்கை எடுப்பது வீதி அதிகார சபையின் கடமை. வீட்டுத் திட்டம் கட்டுபவர்கள் வீதியை மூட வேறு சட்டவழியும் உண்டு. அதில் இந்தத் தடையுரிமை செல்லாது.

இவற்றைத் தவிர வீதி விளக்கு, பேருந்துத் தரிப்பிடம், இருக்கைகள், நடைபாதைப் பராமரிப்பு, வேகத்தைக் குறைக்கும் மேடுகளுக்குப் பணம் கொடுப்பது ஆகியவற்றை நகர சபை செய்யலாம். அதற்கான பணம் வீட்டு வரியோடு சேர்த்து அறவிடப்படும் ஒரு சிறு தொகை.

தேர்த் திருவிழாவுக்கு வீதியை மூட வேண்டுமா? லண்டனுக்கு வெளியே அதற்கு மாவட்ட சபையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு இன்றும் பயன்படும் சட்டங்களில் ஒன்று, பொது ஊர்வலங்களுக்காக விக்டோரியா அரசி காலத்தில், 1847இல் இயற்றப்பட்ட நகரக் காவல் சட்டம்.

முன்கூட்டியே எழுதிய ஊர்கள்

நகர சபைகள் உண்மையில் வென்ற இடங்களைப் பார்த்தால், அவை விண்ணப்பம் வந்த பின் எதிர்த்தவை அல்ல. விண்ணப்பம் வருமுன் கொள்கையை எழுதியவை. 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டம் இதற்கு வழி திறந்தது. நகர சபை 'அயல் திட்டம்' ஒன்றைத் தயாரிக்கலாம். சுயாதீனப் பரிசோதகர் அதை ஆராய்ந்த பின் ஊரில் வாக்கெடுப்பு நடக்கும். வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால், அத்திட்டம் சட்டப்படி அபிவிருத்தித் திட்டத்தின் பகுதியாகிறது. அதுவரை கருத்துச் சொல்லும் இடத்திலிருந்த நகர சபை, மாவட்ட அதிகாரியைக் கட்டுப்படுத்தும் விதியை எழுதிய சபையாகிறது.

டேம் நகரில் 775 புதிய வீடுகள் கட்டப்பட வேண்டும் என்று மாவட்ட சபை நிர்ணயித்தது. பெரும்பகுதியை ஒரே நிலத்தில் குவிக்கும் யோசனைக்கு ஊரில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. நகர சபை எண்ணிக்கையோடு சண்டையிடவில்லை. வீடுகள் எங்கே வரவேண்டும் என்பதைத் தானே எழுதியது. அவற்றை நகரின் பல பக்கங்களிலும் பகிர்ந்தது. 2013 மே மாத வாக்கெடுப்பில் மக்கள் அதை ஏற்றார்கள்.

கோர்ன்வாலின் கடலோர நகரான சென்ட் ஐவ்ஸில் பிரச்சினை வேறு. 2011இல் அங்கு நான்கில் ஒரு வீட்டில் நிரந்தரவாசிகள் இல்லை. புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் முழுநேரம் வாழ்பவர்களே குடியிருக்க வேண்டும் என்ற விதியை நகர சபையின் திட்டம் முன்வைத்தது. 2016 மே மாதத்தில் வாக்களித்தவர்களில் 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். ஒரு கட்டடக்கலை நிறுவனம் வழக்குத் தொடுத்தது; அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. விடுமுறை வீடு தேடுவோர் பழைய வீடுகளை வாங்கத் திரும்புவார்கள், அவற்றின் விலை ஏறும் என்று பொருளியலாளர்கள் விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் முடிவு ஊராரின் கையில் இருந்தது.

அயல் திட்டத்தால் பணமும் வரும். கட்டுநர்கள் செலுத்தும் உட்கட்டமைப்பு வரி நடைமுறையில் உள்ள பகுதிகளில், அதில் 15 வீதம் நகர சபைக்குச் சேர வேண்டும், அதற்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. அயல் திட்டம் நடைமுறையில் இருந்தால் அது வரம்பின்றி 25 வீதமாகும்.

ஆனால் இந்தக் கவசமும் தேய்கிறது. மாவட்டத்தில் அடுத்த ஐந்தாண்டுகளுக்குப் போதிய வீட்டு நிலம் ஒதுக்கப்படவில்லை என்றால், தேசியக் கொள்கை அனுமதியின் பக்கம் சாய்கிறது. அப்போது ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்ட அயல் திட்டங்களுக்கு மட்டுமே சிறப்புப் பாதுகாப்பு உண்டு. தன்னார்வலர்கள் பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு எழுதிய திட்டத்தை, ஐந்து வருடத்தில் மீண்டும் எழுத வேண்டும். ஒருமுறை எழுதியவர்களுக்கே மறுபடி எழுதும் தெம்பு இருப்பதில்லை.

மாவட்ட சபைகள் மறையும்போது

2024 டிசம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், கவுண்டி, மாவட்டம் என்ற ஈரடுக்கு முறையை இங்கிலாந்தில் முற்றாக நீக்கப் போவதாக அரசு அறிவித்தது. அதன்படி திட்டமிடலும் வீதியும் ஒரே பெரிய சபைக்குப் போகும். சுமார் ஐந்து லட்சம் மக்களுக்கு ஒரு சபை என்பது அரசு சொன்ன பொதுவான அளவு. அதிகாரி ஒருவரைச் சந்திக்க நாற்பது மைல் பயணிக்க வேண்டிய நிலையில், நடந்து போகக்கூடிய தூரத்தில் எஞ்சியிருக்கும் தெரிவுசெய்யப்பட்ட அமைப்பு நகர சபை மட்டுமே.

நகர சபை இல்லாத ஊர்கள் அதைக் கேட்டுப் பெறலாம். 2,500க்கு மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள பகுதியில் 7.5 வீதத்தினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், மேலுள்ள சபை ஆய்வு நடத்தி, மனு கிடைத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் அதை முடித்தாக வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பிரிட்டிஷ் குடியுரிமை பெறாத இலங்கை, இந்தியக் குடிமக்களும் சட்டபூர்வமாக இங்கு வாழும் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் அப்பட்டியலில் பதியலாம். அந்த மனுவில் கையெழுத்திடவும் நகர சபைத் தேர்தலில் வாக்களிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.